வாள்மீன் மேல்கடல் மீனா, ஆழ்கடல் மீனா?

கேட்டிருந்த கேள்விகள் இவை: வாள்மீனை ஒரு புத்தகம் மேற்பரப்பில் வாழும் மீன் என்கிறது, இன்னொன்று ஆழ்கடல் மீன் என்கிறது, எது சரி? மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும் என்பது உண்மையா? அந்த வாளால் இரையைக் குத்திப் பிடிக்கிறதா? அதைச் சாப்பிடலாமா?

முதல் கேள்விக்குப் பதில் சொன்னாலே மற்றவற்றுக்குப் பாதி பதில் வந்துவிடும். இரண்டு புத்தகமும் சரிதான். இரவில் பார்த்தவர் மேல்கடல் மீன் என்று எழுதியிருப்பார், பகலில் பார்த்தவர் ஆழ்கடல் மீன் என்று எழுதியிருப்பார். வாள்மீன் தினமும் இந்த இரண்டு கடலுக்கும் போய் வருகிற மீன். அதன் உடம்பில் விசேஷமாக இருப்பவற்றில் பெரும்பாலானவை இந்தப் போக்குவரத்துக்காக அமைந்தவை. எல்லோரும் வாளையே பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் கண்ணைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். சிஃபியாஸ் கிளாடியஸ் என்று 1758-ல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட மீன் இது. இதன் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பது இந்த ஓர் இனம் மட்டும்தான். மயில்மீன், மார்லின் ஆகியவை தூரத்து உறவு. அவற்றின் மூக்கு உருண்டையாகக் கூர்ந்திருக்கும், இதன் மூக்கு தட்டையாக, இரண்டு பக்கமும் விளிம்போடு இருக்கும். வளர்ந்த வாள்மீனுக்குப் பல் இல்லை, செதில் இல்லை, வயிற்றுத் துடுப்பும் இல்லை. முதுகுத் துடுப்பு நிமிர்ந்தே நிற்கும், மயில்மீன் செய்வதுபோல் மடக்கி வைக்க முடியாது. வால் தொடங்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு தடித்த விளிம்பு இருக்கும், மார்லினுக்கு இரண்டிரண்டு. ரம்பம் மாதிரி பல் வரிசை கொண்ட வேளா மீனோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அது திருக்கை வகையைச் சேர்ந்தது, கரையோரச் சேற்றில் வாழ்வது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அளவைப் பற்றி ஒரு வரி: வாளையும் சேர்த்து சுமார் நான்கரை மீட்டர் நீளமும் 650 கிலோ எடையும் வரை வளரும் என்கிறார்கள். ஆனால் வழக்கமாகப் பிடிபடுபவை இதைவிட மிகச் சிறியவை. தூண்டில் விளையாட்டில் பதிவான சாதனை 536 கிலோ, 1953-ல் சிலி நாட்டின் இக்கிக்கே அருகே பிடித்தது. பெரிய மீன் என்றால் அநேகமாகப் பெண்தான். 140 கிலோவுக்கு மேல் போகிறவற்றில் ஆணைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இனி, எங்கே வாழ்கிறது? அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல், மத்தியதரைக் கடல் என்று வெப்பக் கடலிலும் மிதவெப்பக் கடலிலும் எங்கும் இருக்கிறது. மூக்கு நீண்ட மீன்களிலேயே குளிரை அதிகம் தாங்குவது இதுதான். மேற்பரப்பு நீர் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடங்களை விரும்பும், ஆனால் 5 டிகிரி நீரிலிருந்து 27 டிகிரி நீர்வரை எதிலும் காணலாம். கடல் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. வெதுவெதுப்பான நீரோட்டமும் குளிர்ந்த நீரும் மோதிக்கொள்ளும் எல்லைகள், கண்டத்திட்டு சட்டென்று சரியும் விளிம்புகள், கடலடி மலைகளின் மேற்புறம் ஆகிய இடங்களில்தான் அதிகம் கிடைக்கும். வளைகுடா நீரோட்டத்தின் ஓரம் அதற்குப் பேர்போன இடம். காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. அங்கே ஊட்டச்சத்து மேலே கிளம்பி வருகிறது, சின்ன மீனும் ஊசிக்கணவாயும் குவிகின்றன, அவற்றைத் தின்ன இது வருகிறது. கோடையில் தீனிக்காகக் குளிர்ந்த பகுதிகளுக்குப் போகும், குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்குத் திரும்பும். குளிர்ப் பக்கம் அதிக தூரம் போகிறவை பெரிய பெண் மீன்கள். ஆண்கள் பெரும்பாலும் வெதுவெதுப்பை விட்டு நகர்வதில்லை.

கிடைமட்டமாகப் பார்த்தால் இவ்வளவுதான். செங்குத்தாகப் பார்க்கும்போதுதான் இந்த மீன் சுவாரசியமாகிறது.

கடலில் சூரியன் மறையும் நேரத்தில் ஒரு பெரிய இடப்பெயர்ச்சி தினமும் நடக்கிறது. பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் இருட்டில் ஒளிந்திருந்த விளக்கு மீன்கள், ஊசிக்கணவாய்கள், இறால் வகைகள் எல்லாம் இரை தேடி மேலே வருகின்றன. விடிந்ததும் கீழே இறங்குகின்றன. எதிரொலிக் கருவியில் இந்தக் கூட்டம் ஒரு பொய்த் தரையைப் போலவே பதிவாகும். அந்தத் தரை மாலையில் எழும்பி காலையில் இறங்கும். பெரும்பாலான பெரிய வேட்டை மீன்கள் அந்தக் கூட்டம் மேலே வரும்போது தின்றுவிட்டு, அது கீழே போனதும் விட்டுவிடும். வாள்மீன் விடுவதில்லை. கூடவே இறங்குகிறது. இரவில் மேல் நூறு மீட்டருக்குள் திரியும் மீன், பகலில் 400 முதல் 600 மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஆயிரம் மீட்டரைத் தாண்டியும் இறங்கியிருப்பதை, மீன் மேல் பொருத்தி விடும் செயற்கைக்கோள் பட்டைகள் பதிவு செய்திருக்கின்றன.

அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் கேரி என்பவர் ஒலி பரப்பும் கருவிகளை வாள்மீன்கள் மேல் பொருத்தி, படகில் பின்தொடர்ந்து இதைப் பார்த்தார். 1981-ல் அவரும் ராபிசன் என்பவரும் வெளியிட்ட ஆய்வில் தெரிந்த முக்கியமான விஷயம், மீன் ஆழத்தைப் பின்பற்றவில்லை, வெளிச்சத்தைப் பின்பற்றியது என்பது. மேலே வெயில் ஏற ஏறக் கீழே இறங்கியது. தனக்குப் பழக்கமான மங்கலான வெளிச்சம் எந்த ஆழத்தில் கிடைக்கிறதோ அங்கே போய் நின்றது. இரவிலும் இதே கதைதான். பௌர்ணமி நிலா காயும் இரவுகளில், அமாவாசையை ஒட்டிய இரவுகளைவிட ஆழமாகவே திரியும். வாள்மீன் பிடிக்கிறவர்கள் பிறை பார்த்துத் தூண்டில் ஆழத்தை மாற்றுவதற்கு இதுதான் அடிப்படை.

இப்போது ஒரு சிக்கல். மேலே 25 டிகிரி, கீழே 8 டிகிரி. ஓரிரு மணி நேரத்துக்குள் 15 டிகிரிக்கும் மேல் வித்தியாசம். மீனின் ரத்தம் செவுள் வழியாக ஓடும்போது கடல் நீரின் வெப்பத்துக்கே வந்துவிடும். மூளையும் கண்ணும் குளிர்ந்தால் மந்தமாகிவிடும். மங்கலான வெளிச்சத்தில் விர்ரென்று ஓடும் ஊசிக்கணவாயை மந்தமான கண்ணால் எப்படிப் பிடிப்பது?

இதற்கு வாள்மீனிடம் இருக்கும் விடை, கடல் உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று. அதன் தலையில் ஓர் அடுப்பு இருக்கிறது. கேரி 1982-ல் அறிவித்த கண்டுபிடிப்பு இது. கண்ணை மேல்நோக்கித் திருப்புகிற தசை ஒன்று எல்லா மீனுக்கும் உண்டு. வாள்மீனில் அந்தத் தசையின் ஒரு பகுதி பருத்து, பழுப்பு நிறமாகி, மூளைக்கு அடியில் கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதன் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால், சுருங்கி விரிய வேண்டிய இழைகள் கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கின்றன. அவை இருக்க வேண்டிய இடமெல்லாம் செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா. செல்லின் கன அளவில் பாதிக்கும் மேல் அதுதான்.

வேலை செய்யும் விதம் இப்படி. சாதாரணத் தசையில் நரம்பு ஆணையிட்டதும் செல்லுக்குள் இருக்கும் ஒரு பையிலிருந்து கால்சியம் வெளியே வரும், அதைப் பார்த்து இழைகள் சுருங்கும். அப்புறம் அந்தக் கால்சியத்தை மறுபடி பைக்குள் ஏற்ற வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும், செலவாகும்போது வெப்பம் வரும். வாள்மீனின் இந்தத் தசையில் சுருங்குவதற்கு இழையே இல்லை. கால்சியம் வெளியே வருகிறது, உள்ளே போகிறது, அவ்வளவுதான். கண் துளிகூட அசையாது, செலவான ஆற்றல் எல்லாம் வெப்பமாகிவிடும். அந்த வெப்பத்தை ரத்தம் செவுளுக்குக் கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிடாமல் இருக்கவும் ஏற்பாடு இருக்கிறது. உள்ளே வரும் குளிர்ந்த ரத்தக் குழாய்களும் வெளியே போகும் சூடான ரத்தக் குழாய்களும் மெல்லிய பின்னலாக ஒட்டி ஓடுகின்றன. வெளியே போகிற சூடு உள்ளே வருகிற ரத்தத்துக்கே மாறிவிடுகிறது. சுற்றிலும் கொழுப்புப் படலம் வேறு. இப்படி, வெளிநீரைவிட 10 முதல் 15 டிகிரி வரை அதிக வெப்பத்தில் மூளையையும் கண்ணையும் வைத்துக்கொள்கிறது.

இதனால் என்ன லாபம் என்பதை 2005-ல் கெர்ஸ்டின் ஃபிரிட்ஷஸ், ரிச்சர்ட் பிரில், எரிக் வாரன்ட் மூவரும் அளந்தார்கள். வாள்மீனின் விழித்திரையை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்து, மின்னும் விளக்கைக் காட்டி, எவ்வளவு வேகமான மினுக்கலை அது பிரித்துணர்கிறது என்று பார்த்தார்கள். குளிர்ந்த விழித்திரைக்கு வேகமான மினுக்கல் எல்லாம் ஒரே வெளிச்சமாகக் கலந்துவிடுகிறது. சூடான விழித்திரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஆழத்தைப் பொறுத்து இந்தத் திறன் பத்து மடங்குக்கும் மேல் கூடும். வினாடிக்கு நாலைந்து படம் மட்டும் எடுக்கும் கேமராவுக்கும் நல்ல வீடியோ கேமராவுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரையின் கண் கடல் நீரளவுக்குக் குளிர்ந்திருக்கிறது, வேட்டையாடும் கண் சூடாக இருக்கிறது. பந்தயம் தொடங்கும் முன்பே பாதி முடிந்துவிட்டது.

கண்ணின் அளவையும் சொல்லிவிடுகிறேன். பெரிய வாள்மீனில் 9 சென்டிமீட்டர் குறுக்களவு வரை அளந்திருக்கிறார்கள். மீன்களில் இதைவிடப் பெரிய கண்ணைப் பார்ப்பது அரிது.

உடம்பு முழுவதையும் இப்படிச் சூடாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு இந்த அடுப்புக்குச் சக்தி கிடையாது. பெரிய சூரை மீன்கள் நீச்சல் தசைகளின் வெப்பத்தையே சேமித்து உடலின் பெரும்பகுதியைச் சூடாக வைப்பதில் கெட்டிக்காரர்கள். வாள்மீன் முக்கியமாகத் தலையைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதனால்தானோ என்னவோ, குளிர்ந்த கடல் பகுதிகளில் பட்டப்பகலில் மேலே வந்து, முதுகுத் துடுப்பும் வால் நுனியும் தண்ணீருக்கு வெளியே தெரிய, அசையாமல் கிடக்கும் வழக்கம் அதற்கு இருக்கிறது. குளிர்ந்த உடம்பைச் சூடாக்கிக்கொள்ள, தின்றது செரிக்க, கீழே ஆக்சிஜன் குறைந்த நீரில் ஓடிய களைப்பைத் தீர்க்க என்று பல விளக்கங்கள் உண்டு. கிழக்குப் பசிபிக்கில் ஆழத்து நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, அங்கே இந்த வழக்கம் நன்றாகவே தெரிகிறது என்பதால் கடைசி விளக்கத்துக்குக் கொஞ்சம் எடை கூட.

மனிதன் இந்த மீனைப் பிடிக்கக் கற்றதும் அது அப்படி மேலே கிடக்கும்போதுதான். இத்தாலிக்கும் சிசிலிக்கும் நடுவே உள்ள மெசினா நீரிணையில் ஈட்டி எறிந்து வாள்மீன் பிடிப்பதைப் பற்றி கிரேக்க வரலாற்றாளர் பாலிபியஸ் சொன்னதைப் பிற்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். அன்று கரை உயரத்தில் ஒருவர் நின்று மீனைக் காட்டிக் கொடுத்தார். இன்று அதே நீரிணையில் படகிலேயே வானளாவிய கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆளை நிறுத்துகிறார்கள். படகின் முன்னால் படகைவிட நீளமான ஒரு நடைபாலம் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் ஈட்டிக்காரர் நிற்பார். எந்திரச் சத்தம் எட்டுவதற்குள் ஈட்டி எட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு.

சரி, வாளுக்கு வருவோம். குத்துவதற்கு அல்ல, வெட்டுவதற்கு. இரைக் கூட்டத்துக்குள் புகுந்து தலையைப் பக்கவாட்டில் வீசும், அடிபட்டு நிலைகுலைந்தவற்றை விழுங்கும். வாள்மீன் வயிற்றிலிருந்து எடுத்த கணவாய்களில் குறுக்கே வெட்டுப்பட்ட உடல்கள் இருப்பதுதான் சாட்சி. குத்தினால் இரை வாளிலேயே மாட்டிக்கொள்ளும், எடுத்து வாயில் போடக் கையா இருக்கிறது? சின்ன இரையை வெட்டாமல் முழுசாக விழுங்குவதும் உண்டு. பல் இல்லாத வாய்க்கு அதுதான் வசதி.

ஆனால் குத்தவே குத்தாது என்றும் சொல்ல முடியாது. எதிரியைக் குத்தும். 2016-ல் ஸ்பெயினின் வலென்சியா கடற்கரையில் ஒதுங்கிய நீலச் சுறா ஒன்றின் தலைக்குள் முறிந்த வாள்நுனி இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடலாமை, மரக்கப்பல் ஆகியவற்றிலும் வாள்நுனிகள் கிடைத்திருக்கின்றன. எல்லாவற்றிலும் பிரபலமானது 1967-ல் நடந்தது. ஆல்வின் என்ற ஆய்வு நீர்மூழ்கி அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் சுமார் 600 மீட்டர் ஆழத்தில் இருந்தபோது ஒரு வாள்மீன் வந்து இடித்தது. வாள் நீர்மூழ்கியின் வெளிக்கூட்டு இடுக்கில் மாட்டிக்கொண்டது, மீனை விடுவிக்க வழியில்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டு மீனும் நீர்மூழ்கியுமாக மேலே வந்தார்கள். அன்று இரவு கப்பலில் அந்த மீன்தான் சாப்பாடு. சிரிப்பாகத் தோன்றினாலும், பகலில் இந்த மீன் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை ஒரு மனிதர் கண்ணாலேயே பார்த்த அரிய தருணம் அது.

அடுத்து வேகம். மணிக்கு 97 கிலோமீட்டர் என்ற எண்ணை நான் நம்புவதில்லை. யாரும் நீந்தும் வாள்மீனை அளந்து பெற்ற எண் இல்லை. கப்பல் பலகையில் வாள் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை வைத்துப் பின்னோக்கிப் போட்ட கணக்குகளின் வழி வந்தது. கப்பலும் ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. அதைவிட வலுவான தடை இயற்பியலில் இருக்கிறது. வினாடிக்கு 10 முதல் 15 மீட்டர் வேகத்தைத் தொட்டால், மேற்பரப்பை ஒட்டி நீந்தும் மீனின் வால் துடுப்பைச் சுற்றி அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழிகள் உண்டாகும். அவை வெடிக்கும்போது துடுப்பே சேதமாகும். அதாவது மணிக்கு 36 முதல் 54 கிலோமீட்டர்தான் எல்லை. வாள்மீனைவிட வேகமானது என்று பெயர் எடுத்த மயில்மீனின் தசைகள் எவ்வளவு விரைவாகச் சுருங்க முடியும் என்று 2016-ல் அளந்தபோது வினாடிக்கு சுமார் 8 மீட்டர்தான் வந்தது, மணிக்கு 30 கிலோமீட்டர். தண்ணீரில் இதுவே பெரிய வேகம்.

வேகத்துக்கு அதன் உடம்பில் உதவி இல்லாமல் இல்லை. அதே 2016-ல் நெதர்லாந்து ஆய்வாளர் ஜான் விடெலர் குழுவினர், வாள் தலையோடு சேரும் இடத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருப்பதையும், அது மெல்லிய குழாய்கள் வழியாகத் தலைத் தோலில் உள்ள நுண்துளைகளோடு இணைந்திருப்பதையும் காட்டினார்கள். தலையில் எண்ணெய் கசிந்து பரவி நீரின் உராய்வைக் குறைக்கலாம் என்பது அவர்கள் கருத்து. உடற்கூறு உறுதியாகத் தெரிந்தது, பயன் என்ன என்பது இன்னும் கருத்து நிலையில்தான் இருக்கிறது. சுரப்பி இருக்கும் இடம் மண்டையோட்டில் பலவீனமான இடம் என்பதையும் கவனித்தார்கள். எதையும் வேண்டுமென்றே குத்துவதற்காக அமைந்த தலை இல்லை என்று நினைக்க இதுவும் ஒரு காரணம்.

இனப்பெருக்கம் பற்றிச் சுருக்கமாக. நீர் 23, 24 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். வெப்பக் கடலில் ஆண்டு முழுக்க முட்டையிடும், மத்தியதரைக் கடலில் கோடையில். உடல் அளவைப் பொறுத்து ஒரு பெண் மீனிடம் பத்து லட்சத்திலிருந்து இரண்டு கோடியே தொண்ணூறு லட்சம் முட்டைகள் வரை எண்ணியிருக்கிறார்கள். முட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், உள்ளே ஓர் எண்ணெய்த் துளி இருப்பதால் மிதக்கும். பொரிந்து வரும் குஞ்சு சுமார் 4 மில்லிமீட்டர், அதைப் பார்த்தால் வாள்மீன் என்றே சொல்ல முடியாது. கொஞ்சம் வளர்ந்ததும் மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டுமே நீண்டிருக்கும், பல் இருக்கும், உடம்பெல்லாம் முள் செதில் இருக்கும், முதுகு நெடுக ஒரே துடுப்பு ஓடும். வளர வளர மேல்தாடை மட்டும் முந்திக்கொள்கிறது, பல்லும் செதிலும் போகின்றன, துடுப்பு நடுவில் தேய்ந்து இரண்டாகப் பிரிகிறது. வளர்ச்சி அசுர வேகம். முதல் ஆண்டிலேயே ஒரு மீட்டரை நெருங்கிவிடும். பெண் மீன் முதல்முறை முட்டையிட நான்கைந்து வயது ஆகும், இதை நினைவில் வையுங்கள்.

ஏனென்றால் மீன்வளப் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. வாள்மீன் இரவில் மேலே வரும் என்று தெரிந்ததும், பல கிலோமீட்டர் நீள ஆயிரங்கால் தூண்டிலில் கணவாய் கோத்து, ஒளிரும் குச்சி கட்டி, இரவில் விடும் முறை பரவியது. ஈட்டிக்காரர் பெரிய மீனாகப் பார்த்து எறிவார், தூண்டில் அளவு பார்க்காது. முட்டையே இடாத இளம் மீன்கள் குவியலாக வந்தன. வடக்கு அட்லாண்டிக்கில் இருப்பு சரிந்தபின், 1999-ல் அட்லாண்டிக் சூரை மீன்களுக்கான சர்வதேச ஆணையம் பத்தாண்டு மீட்புத் திட்டம் போட்டது. 2009-ல் மீண்டுவிட்டதாக அறிவித்தது. வேகமாக வளர்கிற, அபாரமாக முட்டையிடுகிற மீன் என்பதால் பிடிப்பைக் குறைத்ததும் பலன் கிடைத்தது. மத்தியதரைக் கடல் கூட்டம் தனி. அதற்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, 2016-ல்தான் பதினைந்தாண்டுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டார்கள். இப்போது சில இடங்களில் பகலில் ஆழத்தில் தூண்டிலை இறக்கிப் பிடிக்கிறார்கள். அந்த ஆழத்தில் ஆமைகளும் திமிங்கிலங்களும் குறைவு என்பதால் வேண்டாதவை மாட்டுவது மிகவும் குறைகிறது.

கடைசிக் கேள்வி, சாப்பிடலாமா? கெட்டியான, சுவையான மீன்தான். ஆனால் பாதரசம் அதிகம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பட்டியலில் சராசரி கிலோவுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம், உண்ணும் மீன்களில் இது மேல்வரிசை. பெரிய வேட்டை மீன் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆழம். ஹவாய் கடலில் செய்த ஆய்வொன்று 2009-ல் காட்டியது, ஆழத்தில் இரை தேடும் மீன்களில், அதே அளவுள்ள மேற்பரப்பு மீன்களைவிடப் பாதரசம் கூடுதல் என்று, ஏனென்றால் ஆழத்து இரையிலேயே அது கூடுதல். சமைப்பதாலோ கழுவுவதாலோ குறையாது, தசைக்குள்ளேயே பிணைந்திருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள் இதைத் தவிர்த்துவிட வேண்டும். மற்றவர்கள் எப்போதாவது ஒருமுறை சாப்பிடுவதில் தப்பில்லை, அடிக்கடி சாப்பிடும் மீனாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.